தேவனிடம் எல்லாவற்றையும் கேட்டேன், மனிதர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இந்தத் தை மாதத்தோடு ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. அவருடைய வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அன்று நான் பட்ட பாட்டை வேறொரு வீட்டில் வேறொரு பெண் படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு விஷயங்களை யாராவது முன்கூட்டியே என் காதில் போட்டிருந்தால் பாதி அலைச்சலும் முக்கால்வாசிப் பணமும் மிஞ்சியிருக்கும். கையும்கூட மிஞ்சியிருக்கலாம்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற சாலையில், பூம்பாறையைத் தாண்டி எங்கள் ஊர். அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். ஒரே மகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சிறிய ஆலயத்தில் ஞாயிறுதோறும் கீர்த்தனை எடுத்துக்கொடுப்பவர் என் கணவர். ஆர்மோனியமும் அவர்தான் வாசிப்பார். 2022இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அம்லோடிபின் மாத்திரை மாதாமாதம் வீடு தேடி வந்துகொண்டிருந்தது. ஒரு காசு செலவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கீழே ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். யார் நடத்தினார்கள், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். "மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை எப்படிக் கர்த்தரைப் பிடிக்கும்?" என்று மேடையில் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவர் மனதில் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். அவருக்குத் தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை, நன்றாக உழைத்துக்கொண்டிருந்தார். அதனால் நானும் சுகமாகிவிட்டது என்றே நம்பினேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, என் கணவரைக் கர்த்தர் மாத்திரை இல்லாமல் சுகமாக்கினார் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ரத்த அழுத்தம் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே வேலை செய்யும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நலமாக உணர்வது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு. கருவியைக் கையில் கட்டிப் பார்க்காமல் ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

ஜனவரியில் எங்கள் பக்கம் உறைபனி இறங்கும். விடியும்போது கேரட் இலைமேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அன்று காலை ஆறு மணிக்கு ஆலய மணி அடித்தபோது, "இன்றைக்குப் பனி கடுமை, நாற்று கருகிவிடும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். கடுங்காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. குனிந்து அதை எடுக்கப் பார்த்தார், வலது கை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வாயின் வலது ஓரம் கீழே இழுத்துக்கொண்டு போனது. குரல் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. மணி ஆறு பத்து.

குளிர் தாக்கிவிட்டது என்று நினைத்தேன். யூகலிப்டஸ் தைலத்தைக் காய்ச்சிக் கையிலும் காலிலும் தேய்த்தேன். வெந்நீர் கொடுத்தேன், அது புரையேறி அவர் கண் பிதுங்க இருமினார். ஜெபித்து வைத்திருந்த எண்ணெயை நெற்றியில் பூசினேன். பக்கத்து வீடுகளிலிருந்து வந்தார்கள். சுற்றி நின்று கைவைத்து ஜெபித்தோம். ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்கினார். எல்லாரும் கண்ணீரோடுதான் ஜெபித்தார்கள், ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜீப் புறப்பட்டபோது மணி ஏழு இருபத்தைந்து. ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், கையைத் தூக்கச் சொல்லும்போது ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மணியைப் பாருங்கள். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்கப்படுகிற கேள்வி அதுதான். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கிற ரத்த அழுத்த மாத்திரையையும் ஆஸ்பிரினையும் அப்போது கொடுக்கக் கூடாது. மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு செய்யும். 108ஐ அழையுங்கள், பக்கவாதம் என்ற சொல்லைச் சொல்லியே அழையுங்கள். நான் அன்று 108ஐ அழைக்கவே இல்லை. இந்த மலைக்கு அது எப்போது வந்து சேரப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கே ஸ்கேன் இருக்கிறது, எந்த மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும் என்பதையாவது அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

கொடைக்கானல் வந்து சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது. நாங்கள் போன இடத்தில் ரத்த அழுத்தம் 210க்கு 120 என்று காட்டியது. அங்கே ஸ்கேன் வசதி இல்லை. "தாமதிக்காதீர்கள், உடனே கீழே கொண்டு போங்கள்" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். கொழுந்தன் திருப்பூரில் இருக்கிறார். கையில் நாலாயிரம் ரூபாய்தான் இருந்தது. ஒரு கடைக்காரரிடம் கடன் வாங்கி, 7,000 ரூபாய்க்குத் தனியார் ஆம்புலன்ஸ் பேசிப் புறப்படும்போது மணி பத்து. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் யார் யாரையெல்லாம் அழைத்தேன் என்று பிறகு ஒரு நாள் போனை எடுத்துப் பார்த்தேன். பதினொரு அழைப்புகள். பதினொன்றும் ஜெபிக்கச் சொல்லித்தான். எங்கே கொண்டு போவது, யாரைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க ஓர் அழைப்புக்கூட இல்லை. அதைப் பார்த்தபோது அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மலை இறங்கிக் காட்ரோடு வந்ததும் சாலை பிரிகிறது. ஒரு பக்கம் வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை. இன்னொரு பக்கம் பெரியகுளம், தேனி. தேனியில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை, அன்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மதுரை என்றால் பெரிய ஊர் என்ற ஒரே எண்ணம். வழியில் ஓட்டுநர் சொன்னார் என்று ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் வண்டியை நிறுத்தினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், இரண்டு ஊசி போட்டார்கள், 3,400 ரூபாய் வாங்கினார்கள். ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து, ஸ்கேன் எடுக்க மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் பக்கவாத நோயாளியோடு நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் வீண். உள்ளே இறக்குவதற்கு முன்பே வாசலில் நின்று, "இங்கே சி.டி. ஸ்கேன் இருக்கிறதா? இப்போது எடுப்பீர்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கேட்க எனக்கு நா எழவில்லை. வெள்ளை உடையைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது மணி இரண்டு இருபது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. இளம் பெண் மருத்துவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமா என்று பார்த்திருப்போம், அம்மா." நாங்கள் வந்தது எட்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து. அந்த ஊசி எல்லாருக்கும் பொருந்தாது, போட்டாலும் எல்லாருக்கும் குணமாகாது என்றும் அவரே சொன்னார். நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. பெரிய குழாய் அடைத்தவர்களில் சிலருக்கு, வசதியுள்ள இடங்களில் 24 மணி நேரம் வரையிலும் அடைப்பை உள்ளே சென்று எடுக்கிறார்கள். என் கணவருக்கு அதுவும் பொருந்தவில்லை.

முன்பணம் 40,000 கேட்டார்கள். ஒன்பது நாட்களுக்கு மொத்தம் 2,18,000 ஆனது. வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய்க்குக் குறையாது. என் சங்கிலியையும் கம்மலையும் அடகு வைத்து 1,50,000. கொழுந்தன் கொடுத்தது 50,000. விதைக்கென்று அடுப்புக்கு மேலே பரணில் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டை விற்று 22,000. சபையார் காணிக்கையாகச் சேர்த்துக் கொடுத்தது 18,400. அந்தக் காணிக்கையில் பத்து ரூபாய்த் தாள்கள் நிறைய இருந்தன. யார் வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னால் ஜெபிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்கள் ஒரு வார்த்தையும் வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் 121ஆம் சங்கீதத்தின் முதல் வரி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன். மலைக்காரர்களுக்கு இந்த வசனம் சொந்தச் சொத்து மாதிரி. நான் பர்வதத்திலிருந்து ஓடிவந்து, கீழே ஒரு வராந்தாவில் தரையில் படுத்துக்கிடந்தேன். ஒத்தாசை எந்தத் திசையில் என்றே தெரியவில்லை. கோபமும் இருந்தது. இத்தனை ஆண்டு அவர் பாடிய பாட்டுக்கு இதுதானா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை இப்போதும் பாவமாக நினைக்கவில்லை. சங்கீதக்காரரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

நாலாம் நாள் இரவு, பக்கத்துப் பாயில் படுத்திருந்த வாடிப்பட்டிக்காரப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டாள். அவள் நெற்றியில் விபூதி இருந்தது. அவளுடைய மாமியாருக்கு மூன்றாவது முறையாக அங்கே சிகிச்சை, எல்லா நடைமுறையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் என் கையைப் பிடித்துக் காப்பீட்டுப் பிரிவுக்கு அழைத்துப் போனதும் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பெயருக்குத் தனி ரேஷன் கார்டு வாங்கினோமே தவிர காப்பீட்டில் பதியவே இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும், திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நான் இவரை விட்டு நகர முடியாது. கொழுந்தன் மலைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்து முடிப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்துவிட்டது. கட்டிய பணத்தைப் பிறகு திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு இந்தத் திட்டத்தில் இல்லை. சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கினால்தான் உண்டு.

ஆகவே, நோய் வருவதற்கு முன்பே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இதை முடித்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இவ்வளவுதான் வேண்டும். குடும்பத்தில் எல்லார் பெயரும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் கேட்கலாம். மருத்துவமனையில் சேர்க்கும் கவுண்டரிலேயே, முன்பணம் கட்டுவதற்கு முன், "இங்கே காப்பீட்டுத் திட்டம் உண்டா, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா?" என்று கேளுங்கள். அதே மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது, நரம்பியல் பிரிவும் இருக்கிறது. அங்கே போயிருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும். அரசு மருத்துவமனை என்றால் கவனிக்க மாட்டார்கள் என்று யாரோ என்றோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, வேதாகமம் வைக்கிற அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். திறந்தால் மாத்திரை அட்டைகள். தன்னார்வலர் மாதாமாதம் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு குழி கூடக் கிழியவில்லை. எண்ணினேன், 150 மாத்திரைகள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் போதகர் ஐயாவின் முன்னால் வைத்தேன். நான் சொன்ன சாட்சிதான் இவரைக் கொன்றுவிடப் பார்த்தது, அந்தச் சாட்சிக்குப் பிறகு மாத்திரை போட நினைத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார் என்று சொன்னேன். ஐயா வெகுநேரம் பேசவில்லை. அன்று நானும் ஆமென் சொன்னேன், அம்மா என்றார். பிறகு டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிச் சொன்னார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வாருங்கள் என்று அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவருடைய தந்தை மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவரை அழைத்துப் போக அவர்களுக்கு மனமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு முழுவதும் ஜெபித்த ஐடா, காலையில் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னார். அதிலிருந்து எழுந்ததுதான் வேலூர் சி.எம்.சி. அவர் கண்மூடியது எங்கள் கொடைக்கானலில், 1960இல். இதே மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது. நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னாரே என்று ஐயா வேதாகமத்தைத் திருப்பிக் காட்டினார். எத்தனையோ தடவை வாசித்த பகுதி. அத்திப்பழத்தை நான் கவனித்ததே இல்லை.

மருத்துவமனையை விட்டு வந்ததோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் செய்கிற பயிற்சிதான் கை காலைத் திரும்பக் கொடுக்கும் என்றார்கள். வாரம் ஒருமுறை கீழே போய்வர எங்களிடம் பணம் ஏது? அதே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்க ஆள் உண்டு என்று தன்னார்வலரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த முறை கேட்டேன். பயிற்சியாளர் வந்து கற்றுக்கொடுப்பார், மற்ற நாட்களில் நானும் மகளும் செய்வோம். கால் சீக்கிரம் வந்தது. பேச்சு வரவில்லை. தண்ணீர் என்று சொல்ல வாயெடுப்பார், வேறெதுவோ வரும், மேசையை இடது கையால் தட்டி அழுவார். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம், இவர் ஆலயத்தில் பாடுகிறவர் என்று தற்செயலாகச் சொன்னேன். அப்படியானால் பாடிப் பாருங்கள் என்றார். பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம் பார்த்துக்கொள்கிறது, ராகத்தில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அதனால் பேச முடியாத சிலர் பழகிய பாட்டைப் பாடிவிடுவார்கள் என்று விளக்கினார்.

அன்று மாலை அடுப்படியில் உட்கார்ந்து, அவர் எப்போதும் எடுத்துக்கொடுக்கிற கீர்த்தனையின் முதல் அடியை நான் பாடினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டார். வார்த்தையோடு. முழுச் சொற்களோடு. ஏழு வாரமாகத் தண்ணீர் என்று சொல்லத் தெரியாத வாய், சரணத்தின் கடைசிச் சொல் வரை தப்பில்லாமல் பாடியது. மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பாட்டு முடிந்ததும் மறுபடி பேச்சு நின்றுவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பத்து மாதமாக ஏறி வருகிறோம். முதலில் சொல்லை ராகத்தில் போட்டு, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து. இப்போது தண்ணீர் கேட்கிறார், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் பெயரில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை இரவு எட்டு மணிக்கு, அதே டப்பாவிலிருந்து.

போன மாதம் சபையில் எழுந்து நின்று, முன்பு சொன்ன சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். மாத்திரையை நிறுத்தியதையும், நான் அதைப் பெருமையாகச் சொன்னதையும், 150 மாத்திரைகளையும், எட்டு மணி நேரத்தையும் சொன்னேன். கால் நடுங்கியது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் என்னைத் தனியே மரத்தடிக்குக் கூப்பிட்டார்கள். ஒருத்தியின் கணவர் நாலு மாதமாகச் சர்க்கரை மாத்திரை போடவில்லை. இன்னொருத்தி தானே ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை, பனி விலகியதும், நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அவளுக்கு 180க்கு 110 இருந்தது.